இரண்டாவது இன்புட்

ரியாஸ் சவுதியில் இறந்து பதினோரு நாள் கழித்துத்தான் அடக்கத்துக்கு உத்தரவு வந்தது. வியாழக்கிழமை, அங்கே லுஹர் தொழுகை முடிந்த கையோடு. நம்மூர் நேரத்துக்கு மத்தியானம் இரண்டரை. அதற்குக் கொஞ்சம் முந்தி, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிய பிறகு, ஐந்து நிமிஷம் வீடியோவில் முகத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சம்மதித்திருந்தார். இதையெல்லாம் போனில் சொன்னவன் ஷாநவாஸ். வத்திராயிருப்புக்காரன், தம்மாமில் ரியாஸோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக் வேலை பார்த்தவன்.

ஹுமாயூன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரிப்பா. ரெண்டு மணிக்கு நாங்க ரெடியா இருக்கோம்" என்றார். போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, கல்யாண ஆர்டர் பிடிக்கிற அதே குரலில் மகன் அடக்கத்துக்கும் பேசியிருக்கிறோம் என்று.

அதுதான் அவர் தொழில். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. மைக் செட்டில் ஆரம்பித்து, ப்ரொஜெக்டர், ஆளுயர டிவி, வீடியோ கான்ஃபரன்ஸ் சாமான் என்று இருபத்தாறு வருஷத்தில் கடை நிறைந்துவிட்டது. மில்காரர்கள் வெளிநாட்டு வியாபாரிகளோடு மீட்டிங் போட்டாலும் சரி, கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணன்காரன் அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே மண்டபத்தைப் பார்க்க ஆசைப்பட்டாலும் சரி, ஹுமாயூன் பாய்க்குத்தான் போன் வரும். குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பைக்கில் போவார், விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வருவார்.

ரியாஸ் போன செய்தியும் தொழில் நடந்த இடத்தில்தான் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு மண்டபத்தில் விழா முடிந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஷாநவாஸ் கூப்பிட்டான். ராத்திரி தூங்கப் போனவன் காலையில் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சு நின்றுவிட்டதாம். இருபத்தேழு வயசு. ஹுமாயூன் கையிலிருந்த ஒயரை முழுசாகச் சுருட்டி, நுனியை மடக்கிக் கட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். மீதிச் சாமான்களை அவரோடு வேலை பார்க்கிற ஆவுடையப்பன்தான் பெட்டியில் வைத்து மூடினான்.

அன்றிலிருந்து அவர் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது மாதிரியே இருக்காது பாருங்கள், தொட்டால் தொட்டது தெரியும், வலி மட்டும் தெரியாது, அப்படி இருந்தது அவருக்கு. காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். ஜமாஅத்தில் கடிதம் வாங்கினார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். "பாய் நல்லாத் தாங்கிக்கிட்டாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். யாரையோ சொல்கிறார்கள் என்றிருந்தது.

ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்பதில் மூன்று நாள் போயிற்று. கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். அத்தனை நாளும் பையன் ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டும். ஹுமாயூன்தான் முடிவெடுத்தார். மனைவி நூர்னிசாவிடம் போய்ச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களுக்குச் சரின்னு பட்டாச் செய்யுங்க. ஆனா எனக்கு அவன் மொகத்தைப் பாக்கணும்."

"ஷாநவாஸ் போன்ல காட்டுவான்."

"போன்ல வேண்டாம். கையகலத்துல என் புள்ளயக் கடைசியாப் பாக்க மாட்டேன். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அம்புட்டுப் பெருசாக் காட்டுதீகள்ல."

"சரி" என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ஐம்பத்தைந்து அங்குல டிவி, ஸ்டாண்டு, லேப்டாப், வீடியோ மிக்சர், ஸ்பீக்கர் இரண்டு, நீள நீளமான கேபிள்கள். தெருவில் சாமியானா போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களெல்லாம் உள்கூடத்தில். டிவியை உள்கூடத்தில் வைப்பது, லேப்டாப்பையும் மிக்சரையும் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நடையில் வைத்துக்கொண்டு ஹுமாயூன் உட்காருவது என்று ஏற்பாடு.

"பாய், லேப்டாப்புல இருந்து நேரா டிவிக்குக் குடுத்தாப் போதுமே. மிக்சர் எதுக்கு?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

ஹுமாயூன் குரலைத் தணித்துக்கொண்டார். "பதினோரு நாளாச்சுல்ல ஆவுடையப்பா. மொகம் எப்படி இருக்கோ, யாருக்குத் தெரியும். பாக்க முடியாத மாதிரி இருந்துச்சுன்னா டக்குனு மறைக்கணும். மிக்சர்னா ஒரு பட்டன்ல கருப்பு ஆக்கிரலாம்."

ஆவுடையப்பன் குனிந்து கேபிளைப் பிரித்தான்.

மிக்சர் என்பது ஒரு முழ நீளப் பலகை போல இருக்கும். நாலு வழியில் படம் உள்ளே வரும்; எது டிவிக்குப் போக வேண்டும் என்பதை விரலால் தீர்மானிக்கலாம். லேப்டாப்பை இரண்டாவது இன்புட்டில் செருகினார்கள். டிவி முதலில் 'சிக்னல் இல்லை' என்றது. ஹுமாயூன் உள்ளே போய் ரிமோட்டை எடுத்து டிவியின் இன்புட்டை மாற்றினார். மிக்சரிலிருந்து ஏழு நிறப் பட்டைகளை அனுப்பிப் பார்த்தார். ஓரத்துப் பட்டை கொஞ்சம் வெட்டுப்பட்டது. திரையின் அளவைச் சரி செய்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினார். பையன் மாநிறம், இந்த டிவி எல்லாரையும் பச்சை பூத்த மாதிரி காட்டும். யார் வீட்டுக்குப் போனாலும் இதே வேலையைத்தான் செய்வார். கை தானாகச் செய்தது. கையைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா நின்றார்.

பதினொன்றரைக்கு ஷாநவாஸை அழைத்து ஒரு தடவை சோதித்துப் பார்த்தார்கள். அவன் அறையிலிருந்து பேசினான். லேப்டாப்பில் அவன் முகம் தெரிந்தது.

"போனைப் படுக்க வச்சுப் பிடிப்பா. நட்டமாப் பிடிச்சா ரெண்டு பக்கமும் கருப்பாப் போயிரும்" என்றார் ஹுமாயூன்.

"சரி மாமா."

"கை ஆடாமப் பிடிக்கணும். யார் தோள்லயாவது கையை ஊணிக்கோ."

உள்கூடத்திலிருந்து மகள் பர்வீன் குரல் கொடுத்தாள். "நல்லாத் தெரியுதுத்தா. சவுண்டும் கேக்குது."

அவ்வளவுதான் சோதனை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்ததால் அவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பர்வீன் சொன்னால் சரியாக இருக்கும்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அழைப்பு வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் நடையின் வாசலோரம் வந்து நின்று யாசீன் ஓத ஆரம்பித்தார். லேப்டாப்பில் முதலில் வெள்ளை ஓடு பதித்த சுவர் ஆடியது. பிறகு யாரோ ஒருவரின் முதுகு. பிறகு ஷாநவாஸின் மூச்சு சத்தத்தோடு படம் நின்றது.

வெள்ளைத் துணிக்குள் முகம். கண் மூடியிருந்தது. கன்னம் லேசாக உப்பி, உதடு கறுத்திருந்தது. மற்றபடி முகம் முகமாகவே இருந்தது. இடது புருவத்தை நடுவில் பிளந்துகொண்டு அந்தத் தழும்பு. அவனுக்கு ஏழு வயசிருக்கும்போது ஒரு நாள் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு ஹுமாயூன் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து ஓடி வந்தவன் அதன் விளிம்பில் முட்டிக்கொண்டான். ஐந்து தையல். இது அவன்தான். ஹுமாயூன் கறுப்புப் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். மறைக்கத் தேவையில்லை. இரண்டாவது இன்புட்டின் பட்டனை அமுக்கிப் படத்தை உள்ளே அனுப்பினார்.

உள்கூடத்தில் அழுகை வெடித்தது. அவர் எதிர்பார்த்ததுதான். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒலி அளவு சரியாக இருக்கிறது, படம் விட்டு விட்டு வரவில்லை என்று மனசுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் போயிருக்கும். அழுகை நடுவில் அறுந்தது. முதலில் ஒருத்தி நிறுத்தினாள், பிறகு இன்னொருத்தி. குசுகுசுவென்று பேச்சு. யாரோ "ஆமா… ஆமா…" என்றார்கள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நூர்னிசா நடைக்கு வந்தாள். தலைமுக்காடு நழுவியிருந்தது. வாசலில் அத்தனை ஆண்கள் இருப்பது அவள் கண்ணில் படவில்லை. ஹுமாயூன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க. அது நம்ம புள்ள இல்லங்க."

"நூரு…"

"நல்லாப் பாத்துட்டேன். தழும்பு வலது பக்கம் இருக்கு. நம்ம புள்ளைக்கு இடது பக்கம்லா? நாப்பது நாளு மருந்து போட்ட கை இது, எனக்குத் தெரியாதா? வேற யாரையோ காட்டுதாங்க. ஆள் மாறிப் போச்சுங்க. அவன் எங்கயோ ஆஸ்பத்திரியில மயங்கிக் கெடப்பான். நிறுத்தச் சொல்லுங்க, அடக்க வேண்டாம்னு சொல்லுங்க!"

பின்னாலேயே பர்வீன் வந்தாள். "அத்தா, அம்மா சொல்றது சரிதான். நானும் பாத்தேன். வலது புருவம்தான்." கண்ணீர் வழிய வழிய அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

வாசலில் யாரோ "யா அல்லாஹ்" என்று எழுந்தார்கள். ஹஜ்ரத் ஓதுவதை நிறுத்தினார்.

ஹுமாயூன் லேப்டாப்பைப் பார்த்தார். தழும்பு இடது புருவத்தில் இருந்தது. மறுபடியும் பார்த்தார். இடதுதான். எழுந்து திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனார். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். டிவியில் அவன் முகம் முறம் அளவுக்குப் பெரிதாக இருந்தது. தழும்பு வலது புருவத்தில் இருந்தது. அவன் தலைக்குப் பின்னால் சுவரில் பச்சை எழுத்தில் அரபியில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துகள் இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றன, கண்ணாடியில் பார்ப்பதுபோல. முகத்தை மட்டுமே பார்த்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

அவருக்கு விளங்கிவிட்டது. கிருஷ்ணன்கோவில் மண்டபத்தில் ப்ரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். பின்னாலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவர்களுக்குப் படம் இடம் வலமாக மாறித் தெரியும். அதனால் மிக்சரில் இரண்டாவது இன்புட்டை அவரே திருப்பி வைத்திருந்தார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அந்த நேரத்தில்தான் போன் வந்தது. நிறப் பட்டைகள் மிக்சருக்குள்ளிருந்தே வருபவை, அவை திரும்பாது. அதனால் காலையிலும் தெரியவில்லை.

நடைக்குத் திரும்பினார். ஆவுடையப்பன் மிக்சரின் சின்ன மெனுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து ஹுமாயூனையே பார்த்தான்.

"மாமா, நேரமாச்சு" என்று லேப்டாப்பிலிருந்து ஷாநவாஸ் தணிந்த குரலில் சொன்னான். "தொழுகைக்குத் தூக்கணும்ங்குறாங்க. மொகத்தை மூடிரவா?"

"மூடாத! மூடாதப்பா!" என்று நூர்னிசா கத்தினாள். "அது என் புள்ள இல்ல!"

ஹுமாயூன் உட்கார்ந்தார். சும்மா இருந்துவிடலாம். மூடச் சொல்லிவிடலாம். அடக்கம் நடந்துவிடும். இவள் சிரித்த முகத்தோடு இருப்பாள். நாளைக்கு, அடுத்த வாரம், அடுத்த வருஷம், வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடுவாள். அவருக்கு அது கொடுமை என்றும் தோன்றவில்லை, இரக்கம் என்றும் தோன்றவில்லை. பதினோரு நாளாக எதுவும் எதுவாகவும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: படம் தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. தப்பான படத்தை அவர் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

"செத்த நேரம் பொறு ஷாநவாஸ்" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நூரு, உள்ள போய் டிவியைப் பாரு. மெஷின்ல படம் திரும்பி இருக்கு. நான் மறந்துட்டேன். இப்பச் சரி பண்ணுதேன்."

"என்ன திரும்பி இருக்கு?"

"போய்ப் பாரு."

அவள் போகவில்லை. திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்தாள். ஹுமாயூன் மெனுவில் இரண்டாவது இன்புட்டுக்கு இறங்கி அமுக்கினார்.

கண் சிமிட்டுகிற நேரம் டிவி இருண்டு வந்தது. தழும்பு இடது புருவத்துக்கு வந்துவிட்டது.

நூர்னிசா ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்குக்கூட நேரம் எடுத்தது.

"மூடச் சொல்லுங்க" என்றாள்.

ஷாநவாஸ் மூடினான். வெள்ளைத் துணி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. ஹுமாயூன் கறுப்புப் பட்டனை அமுக்கினார்.

மூன்றரை மணிக்கு அடக்கம் முடிந்ததாகச் செய்தி வந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து இங்கேயும், உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஆவுடையப்பன் சாமான்களை ஏற்றும்போது, "பாய், அன்னைக்கு நான்தானே பெட்டியை மூடினேன். நான் பாத்திருக்கணும்" என்றான். "உன் மேல என்னப்பா தப்பு" என்றார் ஹுமாயூன். ஒப்புக்குச் சொன்னதில்லை. யார் மேலும் அவருக்கு எதுவும் இல்லை.

அழ வேண்டியவர்களெல்லாம் அழுதார்கள். நூர்னிசா மட்டும் அன்றிலிருந்து அழுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்களுக்கு அவளே பரிமாறினாள். எல்லாரும் போன பிறகு ஹுமாயூன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீங்க பட்டனை அமுக்குன பொறவுதானே தழும்பு மாறிச்சு?"

"அது மாறல நூரு. முன்னாடிதான் மாறி இருந்துச்சு. நான் அமுக்குனதும் சரியாச்சு."

"நான் நிம்மதியா இருக்கணும்னு நீங்க எதையும் செய்வீக. அது அவன்தான்னு நான் நம்பணும்னுட்டுத் தழும்பை மாத்திக் காட்டுனீகளோன்னு இருக்கு."

மறுநாள் அவர் கடையிலிருந்து மிக்சரையும் ஒரு கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டு டிவியில் மாட்டி, நூர்னிசாவைக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார். அவளுக்கு வலது மூக்கில் மூக்குத்தி. டிவியிலும் வலது மூக்கிலேயே தெரிந்தது. பட்டனை அமுக்கினார், மூக்குத்தி இடது மூக்குக்குப் போயிற்று. மறுபடி அமுக்கினார், வலது மூக்குக்கு வந்தது. நாலைந்து தடவை செய்து காட்டினார். எங்கே திருப்பி வைத்தது, ஏன் வைத்தது, கிருஷ்ணன்கோவிலில் என்ன வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

நூர்னிசா டிவியில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் மூக்குத்தி எந்தப் பக்கம்னு தொட்டுப் பாக்க எனக்குக் கை இருக்கு" என்றாள். "அவனைத் தொட முடியலையே. மெஷினு எப்படிச் சொல்லுதோ அப்படித்தானே நம்பணும். மெஷினு ரெண்டு விதமாச் சொல்லுது."

அதற்குப் பிறகு அவர் விளக்க முயலவில்லை. சாமான்களைக் கழற்றிப் பையில் வைத்தார்.

நாலு மாசம் அப்படியே போயிற்று. நூர்னிசா சமைத்தாள், தொழுதாள், பர்வீனின் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். ரியாஸைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவன் இருக்கான்" என்றும் சொல்லமாட்டாள், "இருந்தான்" என்றும் சொல்லமாட்டாள், எழுந்து போய்விடுவாள். ஹுமாயூன் தினமும் ராஜபாளையம் போய்வந்தார். மில் மீட்டிங், பள்ளிக்கூட ஆண்டு விழா, இரண்டு கல்யாணம். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் மெனுவைத் திறந்து ஒவ்வொரு இன்புட்டாகப் பார்ப்பார். ஆவுடையப்பன் ஏற்கனவே பார்த்திருப்பான். இவரும் ஒரு தடவை பார்ப்பார்.

ஷாநவாஸ் லீவில் வந்தபோது வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு பெட்டி: ரியாஸின் துணிகள், கைக்கடிகாரம், பாஸ்போர்ட். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

நூர்னிசா பெட்டியைத் தொடவில்லை. அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏம்ப்பா, நீயா அவனைக் குளிப்பாட்டுன?"

"ஆமாம்மா. நானும் இன்னும் ரெண்டு பேரும்."

"கையால தொட்டியா?"

"தொட்டேன்மா. தலையை நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

"மொகத்துல தழும்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஷாநவாஸுக்கு அன்றைக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. அவன் பக்கத்தில் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தது. ஏன் கேட்கிறாள் என்று புரியாமல் ஹுமாயூனைப் பார்த்தான். ஹுமாயூன் தரையைப் பார்த்தார்.

"இடது புருவத்துலம்மா" என்றான். "தண்ணி ஊத்துறப்ப அந்த இடத்துல முடி இல்லாம வழவழன்னு இருந்துச்சு. என் பெருவிரல் அதுமேலதான் இருந்துச்சு."

நூர்னிசா அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பெருவிரலை ஒரு தடவை தடவினாள். நெடுநேரம் விடவில்லை.

"மண்ணு எப்படிப்பா இருந்துச்சு அங்க?"

"மணல்மா. காஞ்ச மணல். வெள்ளையா இருந்துச்சு. கல்லு இல்ல."

"கல்லு இல்லைல்ல."

"இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாப்பாடு முடிந்து ஹுமாயூன் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டார். வத்திராயிருப்பு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப்போனவன் திரும்பி அவர் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "காலையில எழுப்புறப்ப வெளயாட்டுன்னு நெனச்சேன் மாமா. போர்வையைப் புடிச்சு இழுத்தேன்" என்றான். ஹுமாயூன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். சட்டை நனைந்தது. அது தெரிந்தது. கண்டக்டர் விசில் அடித்ததும் அவனை ஏற்றிவிட்டு, பஸ் திரும்பிப் போகிறவரை நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தாமல் கிடந்தது. உள்கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. ரியாஸின் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு நூர்னிசா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதாள். பர்வீன் ஒரு மூலையில் நின்று, போய்ப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள். ஹுமாயூன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அஸருக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு அடங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். நாலு மாசத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"நீங்க அழுதீகளா?"

"இல்ல."

"ஒரு நாள் கூடவா?"

"வரல நூரு. வந்தா அழ மாட்டேனா."

அவள் மடியிலிருந்த சட்டைகளில் ஒன்றை, காலர் கிழிந்த நீலக் கட்டம் போட்டதை, எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை மடித்தார். கைகளை உள்ளே விட்டு, பொத்தான் பக்கம் மேலே வருகிற மாதிரி ஒழுங்காக மடித்தார். அவள் அடுத்த சட்டையைக் கொடுத்தாள். அதையும் மடித்தார். பெட்டியில் இன்னும் நிறைய இருந்தது.